துருகம் ரோட்டு மரைகழட்டி

கள்ளக்குறிச்சியில் மரை கழண்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியிலேயே ஒருவரைப் பார்க்கிறேன். ஆனால் மரையைக் கழட்டத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். சூரியனையே வானத்தில் போல்ட் போட்டு மாட்டி, அது துருப்பிடித்து இறுகிப் போயிருந்தாலும் சரி, அவரிடம் ஒரு ஏணியை மட்டும் கொடுத்தால் போதும். சாயங்காலத்துக்குள் கழட்டிக் கீழே வைத்துவிடுவார். திரும்ப மாட்டித் தரமாட்டார். அது அவர் வேலை இல்லை.

துருகம் ரோட்டில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த வீடு அவருடையது. ஊர் வைத்த பெயர் மரைகழட்டி. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கிறது. நானே அதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், இருந்தும் நினைவில் நிற்கவில்லை. துரு எடுக்கிற மனிதர் துருகம் ரோட்டில் குடியிருப்பது பொருத்தம்தானே என்று அவரிடம் ஒருமுறை சொன்னேன். "யோவ் ஜெராக்ஸு, உன் மிஷின் மாதிரியே உன் ஜோக்கும் வெளிறிப்போய் வருதுய்யா" என்றார். அதற்கப்புறம் அவரிடம் நான் ஜோக் சொல்வதில்லை.

டிராக்டர், போர் மோட்டார், அறுப்பு மெஷின், அரிசி ஆலை, சலூன் நாற்காலி என்று எதிலாவது ஒரு போல்ட் துருவேறி, தலை மழுங்கி, ஊர் மெக்கானிக்குகள் எல்லாம் கைவிட்ட பிறகு அது அவரிடம் வரும். அவர் கழட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். "கழட்டறதுக்குத்தான்யா தெறம வோணும். மாட்டறதுக்கு இன்னா, கை இருந்தா போதும்" என்பார். இந்தக் கொள்கையால் அதிகம் கஷ்டப்பட்டவர் அவர் சம்சாரம். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் வீட்டில் கட்டில் எப்போதும் சுவரில் சாய்ந்து நிற்கும். தையல் மெஷினின் மேல்பாதி கூடத்திலும் கீழ்பாதி சமையலறையிலும் இருக்கும். மின்விசிறி அலமாரியின் மேல் படுத்திருக்கும். செல்போனிலும் சின்னச் சின்னத் திருகாணிகள் உண்டென்று அவர் கண்டுபிடித்த நாளிலிருந்து அவரிடம் செல்போனும் இல்லை. அவருக்கு வருகிற அழைப்பெல்லாம் என் கடைக்குத்தான் வரும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவருடைய பெரிய விசித்திரம் மரியாதை விஷயத்தில்தான் இருந்தது. மனிதர்கள் யாரிடமும் அவர் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. போலீஸ்காரர், தாசில்தார், பூசாரி எல்லோரும் அவருக்கு 'யோவ்'தான். மொத்த 'ங்க'வையும் போல்ட்டுகளுக்கென்று சேமித்து வைத்திருந்தார்.

தியாகதுருகம் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் ஒருநாள் டிராக்டர் கலப்பையோடு வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிற தோரணை. மரைகழட்டி குத்தவைத்து உட்கார்ந்தபடியே தலையைத் தூக்காமல் சொன்னார்: "யோவ், தள்ளி நில்லு. உன் நிழல் அவங்க மேல உழுவுது."

பண்ணைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். "யாரு மேல?"

"இவங்க மேலதான்" என்று கலப்பையின் நட்டைக் காட்டினார். "வயசானவங்க. காலைலேர்ந்து வெயில்ல காய வெச்சிக்கினு இருக்கேன், நீ வந்து குளிரக் காட்டற." அப்புறம் நட்டின் பக்கம் குனிந்து, குரலை இறக்கி, "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க. அது அப்படித்தான் குறுக்க குறுக்க வந்து நிக்கும்" என்றார். அந்த 'அது' தான்தான் என்று பண்ணைக்காரருக்குப் புரிய ரொம்ப நேரம் ஆனது. புரிந்தபோது நட்டு கழண்டிருந்தது, அதனால் கோபப்பட அவருக்கு வாய்ப்பில்லாமல் போய்விட்டது.

"ஏண்ணா, மனுசனுக்கு இல்லாத மரியாத அதுக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"மனுசன் கோவிச்சுக்கினா சாயங்காலம் டீக்கடையில ராசியாயிடுவான். போல்ட்டு கோவிச்சுக்கினா தலைய ஒடச்சிக்கும். அப்புறம் யாரு கூப்புட்டா வரும்?"

அவர் வேலை செய்கிற முறை இதுதான். முதலில் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்ப்பார். தேய்த்த துருவை விரலில் தொட்டு முகர்ந்து பார்ப்பார். நாக்கில்கூட வைப்பார். "இது கோமுகி டேம் தண்ணி" என்பார். "இது கச்சிராயபாளையத்து மழ." ஒருமுறை "இது ஆட்டு மூத்திரம்" என்று காறித் துப்பினார், அதுவும் சரியாகவே இருந்தது. அப்புறம் பாட்டிலில் இருந்து சில சொட்டு விடுவார். மண்ணெண்ணெயோடு இன்னும் என்னென்னவோ கலந்த அந்த வஸ்துவுக்கு அவர் வைத்த பெயர் கஷாயம். பிறகு சின்னச் சுத்தியால் பட்டும் படாமலும் தட்டுவார். தட்டிவிட்டு, பார்க்கிறவன் திடுக்கிடும்படி, நட்டைக் கழட்டுகிற பக்கம் திருப்பாமல் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் திருப்புவார். "மொதல்ல அவங்க பக்கம் கொஞ்சம் நாம போவணும். அப்புறம்தான் அவங்கள நம்ம பக்கம் கூப்புடணும்." கடைசியாக, உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார். "அவசரமே இல்லீங்க. கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் குடுங்க. இத்தினி வருசம் புடிச்சிக்கினு இருந்தீங்க, கை வலிக்கல?" என்று போகும் அந்தப் பேச்சு. கேட்டுக்கொண்டிருந்தால் நமக்கே எதையாவது விட்டுக்கொடுக்கலாமா என்று தோன்றும்.

போல்ட் தலை உடைந்துபோனால் அவருக்கு அது சாவு. வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டுத்தான் சாப்பிடுவார். ஒருநாள் ஓர் அரிசி ஆலையில் யாரோ ஒரு முரடன் ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறிக் குதித்து, போல்ட்டின் தலையை உடைத்துவிட்டான். மரைகழட்டி அங்கிருந்தவரின் போனை வாங்கி அண்ணிக்குப் பேசினார். "தல போயிடுச்சிடி. தண்ணி காய வை. வந்து முழுகணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் குடும்பத்துக்குத் தலை என்றால் திருநாவலூரில் இருக்கும் பெரிய அண்ணன்தான். அண்ணி தெருவில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்க, சொந்தக்காரர்கள் ரோஜா மாலையோடு பஸ் ஏறிவிட்டார்கள். திருநாவலூரில் பெரியவர் வாசலில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தாராம். எதற்கு என்றுகூடக் கேட்காமல் மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாராம்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே பெண், மலர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற நான்கூட அவளிடம் நிம்மதியாகக் கையை நீட்டுவேன். "பயப்படாதீங்கண்ணா, கைய மட்டும் கொஞ்சம் விட்டுக் குடுங்க" என்பாள். எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருக்கும். அப்பாவிடம் மட்டும் 'வாப்பா போப்பா'தான்.

மலருக்குக் களமருதூரில் இருந்து ஒரு வரன் வந்தது. நெல் விவசாயக் குடும்பம். பையன் உளுந்தூர்பேட்டையில் செல்போன் கடை வைத்திருந்தான். போட்டோ பார்த்துப் பிடித்து, இரண்டு பேரும் போனில் பேசி, அதுவும் பிடித்துப்போயிருந்தது. மலர் என் கடைக்கு வந்து காரணமே இல்லாமல் சிரித்துவிட்டுப் போவாள். பையன் வீட்டார் ஊரில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வருவது ஒன்றுதான் பாக்கி.

விசாரிக்கப் பையனின் அப்பாவும் அத்தையும் வந்தார்கள். அப்பா கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பான ஆள். அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம், வாய் அதற்கும் சேர்த்து வேலை செய்யும். எதிர் டீக்கடையில் நின்று, மோட்டார் வேலை செய்கிறவர் வீடு எது என்று கேட்டார்கள்.

"யாரு, மரைகழட்டி வூடா?" என்றார் டீக்கடைக்காரர்.

"இன்னாது? மரை கழண்டவரு வூடா?" என்றார் அத்தை.

"மரை கழட்டிம்மா! ஊருக்கே தெரியும்."

"ஊருக்கே தெரிஞ்ச மரை கழண்ட கேஸாம்ண்ணா!" என்று அத்தை அண்ணனிடம் கத்தியதை நான் கடைக்குள் இருந்தே கேட்டேன். எழுந்து ஓடுவதற்குள் இருவரும் அவர் வீட்டு கேட் வழியாக எட்டிப் பார்த்துவிட்டார்கள். உள்ளே நம்மவர் வாசலுக்கு முதுகைக் காட்டி, ஒரு பழைய போர் மோட்டார் முன்னால் உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருந்தார்: "நேத்து கோவமா பேசிட்டேன், தப்புதான். மூஞ்சத் திருப்பிக்காதீங்க. உங்கள வுட்டா எனக்கு யாரு இருக்காங்க?"

நான் கடைப் படியை இறங்கும்போது அவர்கள் பஸ் ஸ்டாண்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள், அத்தனை வேகம். மறுநாள் தரகர் வந்து, 'ஜாதகம் சரியில்லையாம்' என்று மென்று முழுங்கினார். உண்மையை டீக்கடைக்காரரே அண்ணியிடம் சொல்லிவிட்டார்.

அன்று அந்த வீட்டில் நடந்ததை நான் ஒட்டுக்கேட்கவில்லை. அண்ணியின் குரலுக்கு அதற்கு அவசியமே இருந்ததில்லை. "கட்டுன பொண்டாட்டிய ஒரு நாளு வாங்கன்னு கூப்ட்டிருப்பியா? துருப்புடிச்ச போல்ட்டுக்கு வாங்க போங்க! உன் வாயால எம் பொண்ணு வாழ்க்க போச்சே!" மலர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவரைப் போட்டு வாட்டியிருக்க வேண்டும். மலர் தலையில் கை வைத்து, இனி எந்த போல்ட்டோடும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்தார்.

அதிலிருந்து பிடித்தது சனி. உதட்டை இறுக்கிக்கொண்டு வேலை செய்வார். பேசாமல் உட்கார முடியாது, கை பரபரக்கும், ஸ்பானரை எடுத்து ஒரு இழு இழுப்பார், தலை உடையும். அந்த வாரம் அவர் தலை முழுகிய முழுக்கில் ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. ஊரில் உள்ள மெஷின்கள் எல்லாம் அவருக்குக் காத்திருந்து மேலும் துருப்பிடித்தன. மலர் வேலைக்குப் போனாள், வந்தாள். என் கடைப் பக்கம் வரவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் எனக்கே என்னவோ போல் இருந்தது.

அப்போதுதான் ஒரு காலையில் கடைக்குப் போன் வந்தது. ஒரு வேன் டிரைவர். கல்வராயன் மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவுக்குப் பக்கத்தில் டயர் பஞ்சர். மற்ற நட்டெல்லாம் கழண்டுவிட்டது, ஒன்று மட்டும் மசியவில்லை. "மரைகழட்டி அண்ணன உடனே இட்டுக்கினு வாங்க சார், வண்டி நெறைய ஆளு." என் மோட்டார் சைக்கிளில் அவரை உட்காரவைத்துக் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினேன். வழி முழுக்க என் முதுகில் தும்மிக்கொண்டே வந்தார்.

வேன் பாதையோரம் நின்றது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர் களமருதூர் அப்பா. பாறைமேல் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தது அத்தை. சீட்டுகளின்மேல் தட்டுத்தட்டாகப் பூ, பழம், இனிப்பு. கடைசி சீட்டில் ஓர் இளைஞன் வெளியே தலையைக்கூடக் காட்டாமல் உட்கார்ந்திருந்தான். "மேல வெள்ளிமலையில ஒரு டீச்சர் பொண்ணு, பாக்கப் போறாங்க சார். நல்ல நேரம் தாண்டறதுக்குள்ள போவணும்" என்றான் டிரைவர், ஒன்றும் அறியாதவன்.

மரைகழட்டி அவர்கள் முகத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. நேரே சக்கரத்தின் முன் உட்கார்ந்தார். நட்டைத் தேய்த்தார். துருவை முகர்ந்தார். நாக்கில் வைத்தார். கை அப்படியே நின்றது.

"களமருதூர் போர் தண்ணி" என்றார் மெதுவாக. தலையைத் தூக்கி விறைப்பு அப்பாவைப் பார்த்தார், பூத்தட்டைப் பார்த்தார், கடைசி சீட்டைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. அத்தைக்கும் புரிந்து, "அண்ணா, இது அந்த மரை கழண்ட..." என்று ஆரம்பிக்க, அண்ணன் முறைத்தார்.

நான் குனிந்து அவர் காதில், "அண்ணா, இது கழண்டா அந்தப் பையன் இன்னொரு பொண்ணப் பாக்கப் போயிடுவான். வரலன்னு சொல்லிட்டு வாங்க, போயிடலாம்" என்றேன்.

"அதுக்கு இவங்க இன்னாய்யா பண்ணுவாங்க?" என்று நட்டைக் காட்டினார். ஸ்பானரைப் போட்டு இறுக்குகிற பக்கம் திருப்பினார். பதற்றத்தில் எனக்கு அவர் முறையே மறந்துபோய், "சபாஷ்ண்ணா, நல்லா டைட் பண்ணிவுடுங்க" என்று கிசுகிசுத்தேன். என்னைப் பார்த்த பார்வையில் நான் மோட்டார் சைக்கிள் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

கஷாயம் ஊற்றினார். தட்டினார். உட்கார்ந்தார். பேச வேண்டிய கட்டம் வந்தது, பேச முடியவில்லை. உதடு துடிக்கிறது, கை ஸ்பானரை நோக்கிப் போகிறது, அவரே இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொள்கிறார். கடைசியில் களமருதூர்க்காரரைப் பார்த்து, "யோவ், இங்க வா. நான் பேசக் கூடாது, எம் பொண்ணு தலமேல சத்தியம். நீ பேசு" என்றார்.

"நானா? யார்கிட்ட?"

"இவங்ககிட்டதான். கஷாயம் உள்ள எறங்க நேரமாவும். அதுவரைக்கும் யாராவது பேசிக்கினு இருந்தாதான் கை சும்மா இருக்கும். இல்லாட்டி எவனாவது புடிச்சி இழுப்பான். தல போயிடும்."

"எனக்கு இன்னா மரை கழண்டு போச்சா?"

"நேரம் போவுதுண்ணா, ரெண்டு வார்த்த சொல்லித் தொலைங்க" என்று பாறையில் இருந்து அத்தை அதட்டினார்.

அவர் நட்டைப் பார்த்து, "ஏய், கழலு" என்றார்.

"மரியாத!" என்று மரைகழட்டி போட்ட சத்தத்தில் மரத்தில் இருந்த குரங்கு ஒன்று ஓடியது.

"சரி, கழலுங்க. கொஞ்சம் கழண்டு குடுங்க." களமருதூர்க்காரர் மெல்லக் குத்தவைத்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருடைய விறைப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "காலைலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படலீங்க. வூட்ல நிம்மதியே இல்லீங்க. பையன் என்னோட பேசறதில்ல. ஒரு பொண்ணு புடிச்சிருக்குன்னு சொன்னான். நல்ல பொண்ணுதான். அவங்கப்பன் யார்கிட்டயோ தனியா பேசிக்கினு இருந்தான்னு நான்தான் வேணான்னுட்டேன். இப்ப நானே இப்பிடி நடுரோட்டுல உக்காந்துக்கினு... அவன் மூஞ்சப் பாக்க முடியலீங்க. சோறு வெச்சா தட்டுல கோடு கிழிச்சிக்கினு இருக்கான். நான் இன்னா பண்ணட்டும், சொல்லுங்க?"

வேனின் கடைசி சீட்டில் இருந்து பையன் இறங்கி வந்து பின்னால் நிற்பதை அவர் கவனிக்கவில்லை. மரைகழட்டி எட்டி ஸ்பானரை வைத்து, விரல் நுனியால் தள்ளினார். 'கிறீச்' என்று ஒரு சத்தம். நட்டு சுற்றிக்கொண்டு வந்தது. அவர் அதைத் துணியில் துடைத்துக் களமருதூர்க்காரரின் உள்ளங்கையில் வைத்தார். "நீ கேட்டதாலதான் வந்தாங்க" என்றார்.

டிரைவர் மாற்றுச் சக்கரத்தை மாட்டினான். மாட்டுவதற்குத்தான் கை இருந்தால் போதுமே. அதற்குள் நல்ல நேரம் தாண்டிவிட்டது. பையனின் அப்பா நட்டு இருந்த கையையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். முடிவைச் சொன்னது அத்தைதான். "பொண்ணு பாக்கன்னு எடுத்த தட்ட வூட்டுக்குத் திருப்பி எடுத்துக்கினு போவக் கூடாது, ஆவாது. எங்கனா ஒரு பொண்ணு வூட்ல வெச்சிட்டுத்தான் போவணும்" என்று சொல்லிவிட்டு மரைகழட்டியைப் பார்த்தார். "உங்க வூடு வழியிலதான கீது?"

வெள்ளிமலை டீச்சருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார்கள். அந்தப் பெண், 'அப்பாடா' என்றதாகக் கேள்வி. மத்தியானம் துருகம் ரோட்டில் வேன் வந்து நின்றபோது அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உட்கார வைக்கக் கட்டில் இல்லை. என் கடை நாற்காலிகளைக் கொண்டுபோய்ப் போட்டேன். "ஃபேனு எங்க?" என்று அத்தை கேட்க, "அலமாரி மேல தூங்கிக்கினு கீது" என்றார் மரைகழட்டி. மலர் காப்பித் தட்டோடு வந்தாள். பல நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். அன்றைக்கே அண்ணி, "போ, இனிமே பேசித் தொல" என்று சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சாயங்காலம் பெண்ணை அனுப்புகிற நேரம். அதே வேன். மலர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மரைகழட்டி வெளியே நின்று ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தான். அவர் விடவில்லை. அத்தை, "நேரம் ஆவுதுங்க" என்றார். விடவில்லை. அண்ணி அவர் தோளைப் பிடித்து இழுத்தார். நானும் போய், "அண்ணா, வுடுங்கண்ணா" என்றேன். வேண்டுமென்று செய்யவில்லை அந்த மனுஷன். விரல்கள் அப்படியே இறுகிப்போயிருந்தன.

"இழுக்காதம்மா. இழுத்தா வராது" என்றாள் மலர். முதலில் அவர் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். அப்புறம் ஜன்னலில் முகத்தை வைத்து, குரலை இறக்கி, பிறந்ததிலிருந்து 'வாப்பா போப்பா' என்றே பேசிய பெண் சொன்னாள்: "அவசரமே இல்லீங்கப்பா. கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் குடுங்க."

ஒவ்வொரு விரலாக விட்டார். வேன் போய்விட்டது.

மறுநாள் காலையில் என் கடைக்கு வந்து, ஒன்றும் பேசாமல் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு ஆள் அவர் முன்னால் வந்து நின்று, "இன்னா மரைகழட்டி, பேச்சு மூச்சையே காணோம்?" என்று குனிந்து பார்த்தான்.

"யோவ், தள்ளி நில்லு" என்றேன். "உன் நிழல் அவங்க மேல உழுவுது."